90 சதவீதம்தானா? சளி வைரஸும் ஆஸ்துமாவும்

லேப்மணி:
"சளியால் ஆஸ்துமா அதிகமாகாது, எல்லாம் தயிரால்தான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1995-இல் இங்கிலாந்தில் 9-11 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு வெளியானது. மூச்சு மோசமான வேளைகளில் சுமார் 80 சதவீதத்தில் வைரஸ் இருந்தது, பெரும்பாலும் சளி பிடிக்க வைக்கும் ரைனோ வைரஸ். இந்த ரைனோ வைரஸ்களில் 90 சதவீதம் மூச்சுக்குழாய் செல்லில் இருக்கும் ஐகேம்-1 என்ற ஒட்டு மூலக்கூறைப் பிடித்துத்தான் உள்ளே போகின்றன. போனதும் செல் இன்னும் நிறைய ஐகேம்-1-ஐ வெளியே நீட்டும். ஈசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் ஒட்டுவதும் அதிலேதான். வீக்கம் ஏறாமல் என்ன செய்யும்?

சித்ரா:
90 சதவீதம் தப்பு சார். அது ரைனோ வைரஸின் ஏ, பி வகைகளுக்கான கணக்கு. சி வகைக்கு சிடிஹெச்ஆர்3 என்ற வேறு வாசல், 2015-இல் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோவதில் சி வகைக்குப் பெரிய பங்கு உண்டு.

லேப்மணி:
ஐகேம்-1 வாசல் என்று 1989-லேயே தெரியும் மேடம். 90 என்றால் 90தான்.

சித்ரா:
சி வகையே 2006 வாக்கில்தான் தெரிய வந்தது. அதை எண்ணாத கணக்கை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

கடலோடி:
வாசல் எதுவானால் என்ன? இன்ஹேலர் பழகினால் விடாது. அதைப் பேசுங்கள்.

சித்ரா:
ராத்திரி இரண்டு மணிக்கு என் மகனுக்கு விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து போனது. அன்று இன்ஹேலரில் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டிக் கொடுத்த பஃப்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை தாங்கியது. பழக்கமாம்! போன மாதம் நெபுலைசர் பற்றியும் இதே மாதிரி பயமுறுத்தியது நீங்கள்தானே?

கடலோடி:
பழைய கதையைக் கிளறாதீர்கள்.

லேப்மணி:
விஷயத்துக்கு வாருங்கள். 1990-இல் குரங்குகளுக்கு ஐகேம்-1-ஐத் தடுக்கும் ஆன்டிபாடி கொடுத்தார்கள். நுரையீரலில் ஈசினோஃபில் குறைந்தது. வெள்ளணுவைப் பிடிக்கும் கொக்கி ஐகேம்-1தான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சித்ரா:
வெள்ளணு ஒட்டுவதை நான் மறுக்கவே இல்லை. 90-ஐத்தான் கேட்கிறேன்.

லேப்மணி:
20 வருஷம் லேபில் நின்றவன் நான்.

சித்ரா:
சி வகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அப்புறம் வருஷத்தைச் சொல்லலாம்.

லேப்மணி:
90.