ஃப்ளூவுக்குக் கையில் போடும் ஊசி போதுமா, நுரையீரலிலேயே காவல் வேண்டுமா?

கயல்: வைரஸ் நுழைவது மூச்சு வழியாக. நாம் ஊசி போடுவதோ கைத்தசையில். இரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது வைரஸில் ஒட்டிக்கொண்டு அதை மடக்கும் புரதம், ஏறுகிறது, சரி. ஆனால் நுரையீரலிலேயே குடியிருக்கும் நினைவு டி செல்கள், அதாவது முன்பு பார்த்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள், அதனால் பெரிதாக உருவாவதில்லை. மூக்குவழித் தடுப்பு மருந்துக்கு மாற வேண்டும் என்பதே என் கட்சி.

செழியன்: ஏற்க முடியவில்லை. ஆன்டிபாடி வைரஸை வெளியிலேயே மடக்கிவிடும். டி செல்லுக்கு, ஒரு செல்லில் தொற்று புகுந்த பிறகுதான் விஷயமே தெரியும். தொற்றைத் தடுக்காத ஒன்றை எப்படி நம்புவது?

கயல்: தடுக்காதுதான். ஆனால் வேகத்தைப் பாருங்கள். புது வைரஸ் என்றால் அதன் துண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே டி செல்கள் பெருகி, நுரையீரலுக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். குடியிருக்கும் செல் அங்கேயே இருக்கிறது. சிடி69 என்ற புரதம் அது இரத்தத்துக்குத் திரும்பும் வழியை அடைக்கிறது. பல செல்களில் சிடி103-உம் உண்டு. அது சுவாசப் பாதையின் மேற்படலத்தைப் பற்றிக்கொள்கிறது. தொற்றிய செல்லைத் தொட்ட சில மணி நேரத்திலேயே இன்டர்ஃபெரான் காமா என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்திவிடும். அதோடு, ஃப்ளூவின் மேலுறைப் புரதம் அடிக்கடி மாறும். டி செல்கள் பெரும்பாலும் அடையாளம் காணும் உட்புரதங்கள் அவ்வளவு மாறுவதில்லை.

செழியன்: அந்தக் காவல் எத்தனை நாளைக்கு? எலிகளில் சில மாதங்களிலேயே இந்தச் செல்கள் குறைந்து, வேறு வகை ஃப்ளூவுக்கு எதிரான பாதுகாப்பும் கரைந்துவிடுகிறது. வயதான எலிகளில் இவை நுரையீரலில் குவிந்து தழும்பை வளர்க்கின்றன. காற்று பரிமாறும் அவ்வளவு மெல்லிய சுவரில் வீக்கம் வந்தால் என்ன ஆகும்? மூக்கு மருந்தும் புதிதல்ல. அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்றது. எச்1என்1 என்ற ஃப்ளூ வகைக்கு எதிராகச் சரியாக வேலை செய்யாததால் 2016 முதல் இரண்டு பருவங்களுக்கு அங்கே பரிந்துரைக்கப்படவில்லை.

நிலா: எலியை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். நுரையீரல் மாற்று செய்துகொண்டவர்களில், கொடையாளரின் நினைவு செல்கள் ஓராண்டுக்கு மேலும் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். தன்னார்வலர்களுக்கு ஆர்எஸ்வி என்ற வேறொரு சுவாச வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது, சுவாசப் பாதையில் இந்தச் செல்கள் முன்பே அதிகம் இருந்தவர்களுக்கு நோய் லேசாகத்தான் வந்தது.

செழியன்: அது வலுவான சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஊசிக்குப் பிறகு மூக்கில் ஒரு கூடுதல் டோஸ் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஊசியை விட்டுவிட்டு மூக்கு மட்டும் என்றால்தான் சண்டை.

கயல்: கூடுதல் டோஸ் என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் வயதானவர்களுக்கு எந்த அளவு பாதுகாப்பானது என்பதை முதலில் சோதித்தாக வேண்டும். அந்தத் தழும்பு விஷயம் எனக்கும் உறுத்துகிறது.