டக்ளஸின் உரைக்கு ஜாஸ்: பின்னணியில் மெதுவாக ஒலித்தால் போதுமா?

தாளப்பித்தன் (கேள்வி):
அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, அடிமைமுறைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் வந்த பிரடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றை எங்கள் வாசகர் வட்டத்தில் படித்து முடித்தோம். அடுத்த கூட்டத்தில், அவர் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்கைப் பற்றி 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஆற்றிய உரையிலிருந்து சில பகுதிகளைத் தமிழில் வாசிக்கப் போகிறோம். கூடவே ஜாஸ் இசை இருக்க வேண்டும் என்பது என் ஆசை. சாக்ஸபோன், டபுள் பேஸ், டிரம்ஸ் மூன்றுக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் நன்றாக வாசிப்பவர்கள். ஆனால் ஒத்திகையில் ஒருவர் படிக்க, பின்னால் இசை மெதுவாகப் போக, கேட்பதற்கு இதமாக இருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. மனிதர்களைச் சங்கிலியில் கட்டி இழுத்துப்போவதைச் சொல்லும் இடம் இதமாக இருக்கலாமா? இதைச் சரியாகச் செய்தவர்கள் யார், எதைக் கேட்டுப் பழகலாம்?

செவிக்குணவு:
உங்களுக்கு உறுத்துவது நியாயம்தான். டக்ளஸே அந்தத் தன்வரலாற்றின் 2ஆம் அத்தியாயத்தில் இதைச் சொல்லிவிட்டார். மாதாந்திரப் படி வாங்க கர்னல் லாயிடின் பெரிய பண்ணைக்குப் போகும் அடிமைகள் காடே எதிரொலிக்கப் பாடிக்கொண்டு போவார்கள். டக்ளஸ் தப்பித்து, அடிமைமுறை இல்லாத வடக்கு மாநிலங்களுக்கு வந்த பிறகு பார்த்தால், அந்தப் பாட்டையே அவர்கள் சந்தோஷமாக இருந்ததற்குச் சாட்சியாகச் சிலர் பேசுகிறார்கள். அவருக்குத் திகைப்பு. மிகவும் துயரப்படும்போதுதான் அடிமைகள் அதிகமாகப் பாடுவார்கள் என்கிறார், அதை எழுதும்போதே கண்ணீர் வழிந்ததாகவும் சொல்கிறார். இசை வெறும் இதமாகிவிட்டால் அவர் மறுத்த பக்கமே போய்விடுகிறோம்.

ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச்சின் 1960 ஆல்பம் ‘வி இன்சிஸ்ட்!’ கேளுங்கள். முதல் பாட்டு ‘டிரைவா மேன்’, அடிமைகளை வேலை வாங்கும் கங்காணியைப் பற்றியது. ஆபி லிங்கன் பாடுகிறார். ஐந்தடித் தாளம், ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் டிரம்மின் விளிம்பில் சவுக்கடி மாதிரி ஒரு அறை விழும். கோல்மன் ஹாக்கின்ஸின் சாக்ஸபோன் நடுவில் ஓரிடத்தில் கீச்சிடும். அதை வெட்டி ஒட்ட அவர் விடவில்லை, இப்படிப்பட்ட பாட்டு குறையே இல்லாமல் இருந்தால்தான் ஏதோ தப்பு என்று சொல்லிவிட்டார். உங்கள் சாக்ஸ் நண்பருக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

கடைசிப்பெஞ்ச்:
ரோச் பெரிய ஆள்தான், ஆனால் அந்த ஆல்பத்தில் டக்ளஸின் சொற்கள் கிடையாதே. கேள்வி அவருடைய சொற்களைப் பற்றியது. பிலடெல்பியாவைச் சேர்ந்த பாடகி, இசையமைப்பாளர் ரூத் நயோமி ஃபிளாய்ட், டக்ளஸின் எழுத்தையும் பேச்சையும் எடுத்து ‘ஃபிரடெரிக் டக்ளஸ் ஜாஸ் வொர்க்ஸ்’ என்று தனியாகவே இசையமைத்திருக்கிறார், தேடிக் கேளுங்கள்.

அப்புறம் இன்னொரு வழி. ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, கடைசிப் பகுதியில் தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையைச் சொல் சொல்லாக சாக்ஸபோனில் ஊதினார். யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த வரி எங்கே முடிகிறது என்று தெரியும். நீங்கள் வாசிக்கும் தமிழ்ப் பகுதியை சாக்ஸ் நண்பரிடம் கொடுத்து, அவர் மூச்சு விடும் இடமெல்லாம் வாக்கியத்தின் இடமாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லையும் இசையையும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். ஒரு பத்தி வாசிப்பு, அடுத்து அதே பத்தி சாக்ஸில்.

கூடுதலாக ஒன்று: டக்ளஸ் வயலின் வாசிப்பவர், அவருடைய பேரன் ஜோசப் டக்ளஸ் கச்சேரி வயலின் கலைஞராகவே பெயர் வாங்கியவர். வயலின் தெரிந்தவர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

தாளப்பித்தன்:
இருவருக்கும் மிக்க நன்றி. பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது நடுராத்திரியில் வாசல் வழியே போகும் கூட்டத்தின் காலடியும் அழுகையும் கேட்டு விழித்துக்கொள்வேன் என்று உரையில் சொல்கிறாரே, அங்கே சாக்ஸ் வேண்டாம், பேஸும் டிரம்ஸும் மட்டும் என்று நினைக்கிறேன். ‘இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அல்ல’ என்ற இடத்தில் இசையே இல்லாமல் விட்டுவிடலாமா?

செவிக்குணவு:
தாராளமாக விடலாம். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே அவர் பைபிளின் 137ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறார், சிறைப்பிடித்துக் கொண்டுபோனவர்களே பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள், அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்று. கொண்டாட்டத்தில் பேச அழைக்கப்பட்ட ஒருவர் அழைத்தவர்களிடமே அதைச் சொல்கிறார், யோசித்துப் பாருங்கள். சாக்ஸ் அங்கேதான் உள்ளே வர வேண்டும், தயங்கித் தயங்கி. உரையின் முடிவையும் நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். இவ்வளவு சாடிய பிறகும் இந்த நாட்டின் மேல் நம்பிக்கை இழக்கவில்லை என்கிறார், அடிமைமுறை எதிர்ப்பாளர் வில்லியம் லாயிட் காரிசனின் கவிதையோடு முடிக்கிறார். அந்தக் கவிதைக்கு மூன்று பேரும் முழு வேகத்தில் வாசிக்கட்டும்.