புதுப்பிப்பு: ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகள் சாவது நின்றது

50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் நான்கே நாளில் 14 போய்விட்டன, விடிந்தால் பெட்டி மூலையில் குவிந்து செத்துக் கிடக்கின்றன, என்ன மருந்து கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அடுத்து வாங்கிய 50 குஞ்சுகளுக்கு இன்றோடு 21 நாள். இழப்பு இரண்டு.

மருந்தை விடுங்கள், மூலையை எடுங்கள் என்றாரே ஒருவர், அதுதான் கைகொடுத்தது. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தகரத்தை வட்டமாக வளைத்து வைத்தேன். கீழே இரண்டு அங்குலம் உமி, மேலே செய்தித்தாள். குஞ்சு வருவதற்கு முன்பே பல்பு போட்டுச் சூடாக்கினேன். முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தேன். தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளே சரியாகச் சொல்கின்றன: பல்புக்கு அடியில் முண்டினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. ராத்திரி கரண்ட் போனபோது வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன், தாங்கின. 7ஆம் நாள் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்து கண்ணில் விட்டாயிற்று.

எதிர்பாராதது செய்தித்தாள். வழுக்கி ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் அகன்றுவிட்டது. துணி நாடாவால் கால்களைத் தளர்வாக இணைத்துக் கட்டினேன், நான்கு நாளில் நடந்தது. தாளை எடுத்துவிட்டுச் சாக்கு விரித்தேன்.

செத்த இரண்டில் ஒன்று வந்ததிலிருந்தே சோணி. இன்னொன்று தண்ணீர்த் தட்டில் மூழ்கியது, முழுக்க என் தப்பு. இப்போது தட்டில் கூழாங்கல் கிடக்கிறது.