மீன் கருவில் கண் சிறுக்கிறது: காரணம் பாக்ஸ்6பி மரபணுதானா?

கேள்வி: கருவியல் மாணவி

வணக்கம். வரிக்குதிரை மீன் கருக்களில் பாக்ஸ்6பி மரபணுவின் பங்கை ஆராய்கிறேன். ஒற்றை உயிரணு நிலையில், அந்த மரபணுவின் செயலைத் தடுக்கும் மார்ஃபொலினோ என்ற செயற்கை மூலக்கூறைச் செலுத்துகிறேன். மூன்றாம் நாளில் கண் தெளிவாகச் சிறுத்திருக்கிறது. நிறமி மறைக்காமலிருக்க, எல்லாக் கருக்களையும் 24 மணி முதல் 0.003 சதவீத ஃபினைல்தயோயூரியா கரைசலில் வளர்க்கிறேன். குழப்பம் இதுதான்: ஊசி போடாத கருக்களின் கண்ணும், வெறும் கரு நீரில் வளர்ந்தவற்றைவிடச் சிறிதாகவே தெரிகிறது. ஊசி போட்ட சிலவற்றில் தலை சாம்பல் பூத்ததுபோல் மங்கியும் இருக்கிறது. இதை மரபணுவின் விளைவு என்று எழுதலாமா?

பதில்: மீன்கூட ஆய்வர்

இப்போதைக்கு எழுதாதீர்கள். நீங்கள் கவனித்தது உண்மைதான். ஃபினைல்தயோயூரியா நிறமியை மட்டும் தடுப்பதில்லை. அதுவே கண்ணைச் சிறுக்க வைக்கும் என்று 2012இல் தனிக் கட்டுரையே வெளிவந்தது. கண்ணின் அளவை மட்டும் பார்ப்பதானால் அந்த மருந்தே வேண்டாம். நிறமி இருந்தாலும் கண்ணின் விட்டத்தை அளக்கலாம். விட்டத்தை உடல் நீளத்தோடு ஒப்பிடுங்கள். வளர்ச்சி பின்தங்கிய கருவுக்குக் கண்ணும் சிறிதாகத்தான் இருக்கும். 28.5 பாகையிலிருந்து வெப்பம் சற்று இறங்கினாலே கரு பின்தங்கிவிடும்.

பதில்: மூத்த ஆய்வாளர்

அந்த மங்கிய தலைதான் எனக்குக் கவலை தருகிறது. அது உயிரணுக்கள் மடிவதன் அடையாளம். மார்ஃபொலினோக்கள் இலக்கு மரபணுவோடு தொடர்பில்லாமலே, உயிரணு மடிவைத் தூண்டும் பி53 என்ற மரபணுவின் வழியைத் தூண்டி மூளையிலும் கண்ணிலும் உயிரணுக்களைக் கொல்வதுண்டு. 24 மணிக் கருவில், மடியும் உயிரணுக்களைக் காட்டும் அக்ரிடின் ஆரஞ்சு சாயம் ஏற்றிப் பாருங்கள். பிறகு பி53ஐத் தடுக்கும் மார்ஃபொலினோவையும் சேர்த்துச் செலுத்துங்கள். மங்கல் மறைந்தும் கண் சிறிதாகவே இருந்தால் நம்பிக்கை கொஞ்சம் கூடும். அது மட்டும் சான்றாகாது.

தடுக்கப்பட்ட மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வைக் கொடுத்து, கண் சரியாகிறதா என்று பார்க்கும் மீட்புச் சோதனையில் நிதானம் தேவை. பாக்ஸ்6பி சேர்ந்த பாக்ஸ்6 வகை மரபணுவின் அளவு குறைந்தாலும் கூடினாலும் கண் கெடும். மனிதரில் ஒரு பிரதி பழுதானாலே கருவிழிப்படலம் (ஐரிஸ்) இல்லாமல் போகிறது. கூடுதல் பிரதிகள் கொண்ட எலிகளுக்கும் கண் சிறுத்தது.

மாணவி

மிக்க நன்றி ஐயா. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் இதே மரபணுவைச் சிதைத்த மீன் பரம்பரை ஒன்றும் எங்களிடம் உள்ளது. அந்தக் கருக்களின் கண்ணில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. எதை நம்புவது?

மூத்த ஆய்வாளர்

உடனே மார்ஃபொலினோவைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். மரபணு சிதைந்த மீனில் உறவு மரபணுக்கள் கூடுதலாக இயங்கி ஈடுகட்டுவதை 2015இல் இ.ஜி.எஃப்.எல்.7 என்ற மரபணு பற்றிய ஆய்வு காட்டியது. சிதைந்த தூது ஆர்.என்.ஏ. அழிக்கப்படுவதே அதைத் தூண்டுகிறது என்பது 2019இல் தெரிந்தது. உங்கள் மீனில் பாக்ஸ்6ஏ என்ற இணை மரபணுவும் இருக்கிறது. அதன் அளவைப் பாருங்கள்.

மரபணு முழுமையாகச் செயலிழந்த அந்தக் கருக்களுக்கே இதே மார்ஃபொலினோவை, இதே அளவில் செலுத்துங்கள். அவற்றிலும் கண் அதே அளவு சிறுத்தால், அது பாக்ஸ்6பியால் வந்ததல்ல. சிறுக்காவிட்டால் உங்கள் முதல் கணிப்புக்கு வலுவான ஆதரவு கிடைக்கும்.

மாணவி

அடுத்த முட்டைத் தொகுதியிலேயே செய்து பார்க்கிறேன். ஃபினைல்தயோயூரியா இல்லாத தொட்டியையும் உடன் வைக்கிறேன்.