மறு: வரவர வரும் வெளியீட்டுக்கு ஒரு சொல் – திங்களுக்குள்

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை ஆய்வகத் தாள் அச்சுக்குப் போகவேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ஷெல் (நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல்) கட்டளையை ஓட்டும் பாடம். நோடில் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) இரண்டு வழி. எக்ஸெக், கட்டளை முடியும்வரை வெளியீட்டைச் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுக்கும். ஸ்பான் வரவரக் கொடுக்கும். முதலாவதற்குத் ‘திரள் வெளியீடு’ போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு? ‘நேரலை’ என்றால் பிள்ளைகள் கிரிக்கெட்டா என்கிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து:
‘ஒழுகு வெளியீடு’. ஒழுகுதல் இடையறாது செல்லுதல். ஒழுக்கமே அதில் பிறந்ததுதான். அப்புறம், ஷெல் எதற்கு? ‘ஓடு’ இருக்கிறதே.

காரைக்குடி:
ஐயா, ‘ஓட்டை ஓட்டோடு ஓட்டு’ என்று தாளில் ஒரு வரி வந்துவிடும். ஷெல் ஷெல்லாகவே இருக்கட்டும்.

தேவகோட்டை:
உருபு ‘ஒடு’. மூன்றாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் வைத்த பெயரே அதுதான். ‘ஓடு’ அதன் நீட்டம். ஆமையோடு, நத்தையோடு, மண்டையோடு என எல்லாம் உள்ளிருப்பதைக் காப்பவை. யுனிக்ஸ் இயங்குதளத்திலும் கருவை (கெர்னல்) சுற்றி இருப்பதுதானே ஷெல்? ஓடை, ஓடம் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

பள்ளத்தூரிலிருந்து:
எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இப்போது ஓடுதான் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்துவிட்டு எழுதுகிறேன். ‘வெளியீடு ஒழுகுகிறது’ என்றால் மாணவன் பிழை தேட ஆரம்பிப்பான். ஊரணிக்குத் தண்ணீர் எதில் வருகிறது? வரத்துக்காலில். ‘வரத்து வெளியீடு’ என்று வைக்கலாமே. எக்ஸெக் ஊரணி. அதற்குக் கரையும் உண்டு: இயல்பாக 1024 × 1024 பைட். மீறினால் கட்டளையையே நிறுத்திவிடும்.

தேவகோட்டை:
வெளியீடு வெளியே போவது. அதற்கு எப்படி வரத்து?

பள்ளத்தூர்:
கட்டளைக்குத்தான் அது போக்கு. நம் நிரலுக்கு வரவு. நோடும் அதைப் படிக்கும் ஓடையாகத்தான் கையில் தருகிறது.

கொத்தமங்கலம் (இப்போது சென்னை):
வரத்து எனக்குச் சரி. தாளில் ‘உடனடி வெளியீடு’ என்று மட்டும் எழுதவேண்டாம். திரைக்கு வரிவரியாக எழுதும் நிரல்கள் பல, எதிரே திரை இல்லை, பைப் (வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொண்டுபோகும் குழாய்) என்று தெரிந்ததும் தாங்களே தேக்கிவைத்து எழுதும். ஸ்பான் போட்டும் திரை சும்மா கிடக்கும். இன்னொன்று, வருவது துண்டு துண்டாக. ‘குடி’ இரண்டே எழுத்து, யூடிஎஃப்-8இல் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) 12 பைட். நீண்ட வெளியீட்டில் துண்டு ஓர் எழுத்தின் நடுவில்கூட முறியலாம். எனக்கு ஊர்ப் பெயர் நடுவே கருப்பு வைரத்தில் கேள்விக்குறி வந்தது. ஓடைக்கு எழுத்துமுறையைச் சொல்லும் செட்என்கோடிங் கொடுத்தபின்தான் சரியானது. தாளில் இதையும் சேருங்கள் அண்ணே.

காரைக்குடி:
சேர்த்தாயிற்று. மூன்று பேர் வரத்து, ஒருவர் ஒழுகு. ‘வரத்து வெளியீடு’ அச்சுக்குப் போகிறது.

தேவகோட்டை:
வரத்து என்றதும் பஸ்தான் ஞாபகம் வருகிறது. என் வாக்கு ஒழுகுக்கே, குறித்துக்கொள்ளவும். ஆச்சி, மழை விட்டதும் அந்த ஓட்டை மாற்றச் சொல்லுங்கள்.