மாராவுக்கு எந்த லென்ஸ்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

போன செப்டம்பரில் கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய் வந்தேன். கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதமும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து லென்ஸ் விமர்சனம் படித்தேன். படித்து, கணக்குப் போட்டு, வாடகைக்கும் ஒன்று எடுத்து, அவ்வளவையும் சுமந்துபோய் அங்கே எப்படிச் சொதப்பினேன் என்பதை எழுதுகிறேன். அடுத்த சீசனுக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவும். போய் வந்தவர்களும் உங்கள் கதையைப் போடுங்கள்.

நான் பறவை எடுக்கிற ஆள். கூந்தன்குளத்தில் பத்து வருடமாகக் கூழைக்கடாவுக்கும் வரித்தலை வாத்துக்கும் பின்னால் திரிந்தவன். பறவைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எத்தனை மில்லிமீட்டர் கையில் இருந்தாலும் போதாது. அந்த வியாதியோடுதான் மாராவுக்கும் போனேன். கேமரா பாடி நிக்கான் டி500, அதில் 200-500 லென்ஸ். கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் என்பதால், ஃபுல் ஃபிரேமில் 300-இலிருந்து 750 வரை வைத்துப் பார்ப்பது போல இருக்கும். பழைய டி7000 பாடி ஒன்றும் ஒரு 18-140 லென்ஸும் பீரோவில் கிடந்தன. அவற்றை வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

காரணம் எடை. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் போகும் சின்ன விமானங்களில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் கைப்பையைச் சேர்த்து. கடினமான பெட்டி கூடாது, அமுக்கினால் அமுங்குகிற பைதான். அதனால் ஒரே பாடி, கிட்ட வந்தால் மாட்டிக்கொள்ள 70-200 எஃப் 2.8 ஒன்று வாடகைக்கு என்று முடிவு செய்தேன். புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். டி7000-உம் 18-140-உம் சேர்ந்தே அந்த 70-200-ஐவிட எடை குறைவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் காலை. மாரா பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் வருடம் முழுக்க ஆறரை வாக்கில்தான் விடியும், மாலை ஆறரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். விடிந்ததும் சூரியன் கிடுகிடுவென்று மேலே ஏறிவிடும். நல்ல வெளிச்சம் ஒன்றரை மணி நேரம் நின்றால் அதிகம். அந்த நேரத்தில் டிரைவர் ரேடியோவில் ஏதோ கேட்டுவிட்டு "டுமா, டுமா" என்றார். ஸ்வாஹிலியில் சிவிங்கிப்புலி. வேகமாகப் போய்ச் சேர்ந்தோம். ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. நாங்கள் நான்காவது.

கரையான் புற்றின் மேல் ஒரு தாய், கீழே புல்லில் ஏறக்குறைய வளர்ந்த இரண்டு குட்டிகள். நாற்பது மீட்டர் இருக்கும். 500-இல் தாயின் முகம், கண்ணோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் அந்தக் கறுப்புக் கோடு, எல்லாம் கச்சிதம். இருபது முப்பது படம் எடுத்திருப்பேன். அப்புறம் அது இறங்கி நேராக எங்கள் வண்டியைப் பார்த்து நடந்து வந்தது. வண்டி நிழலுக்கு வருகிறது என்றார் டிரைவர். 200-க்குச் சுருக்கியும் காதும் மீசையும்தான் ஃபிரேமில். உடனே 200-500-ஐக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து ஐந்தாவது வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. சிவிங்கி தலையைத் திருப்பியது. தூரத்தில் ஒரு தாம்சன் மான்.

அவ்வளவுதான். ஓட்டம் இருபது விநாடிகூட இல்லை. நான் இடது கையில் ஒரு லென்ஸ், வலது கையில் ஒரு லென்ஸ், மடியில் வாயைத் திறந்தபடி பாடி என்று உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மான் தப்பித்துவிட்டது, அது ஒரு ஆறுதல்.

அதோடு முடியவில்லை. மாரா மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஜாதிதான். மழை பெய்தால் வண்டியை விழுங்கும், காய்ந்தால் முகப்பவுடர் மாதிரி ஆகிவிடும். அந்த மாவு சென்சாரில் உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் எடுத்த வானத்திலெல்லாம் வலது மேல் மூலையில் பயறு அளவுக்கு மூன்று கறை. புளோயரை வைத்து ஊதியதில் ஒன்று போனது, இரண்டு கடைசி நாள்வரை கூடவே வந்தன.

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் இரண்டரை மணி நேரக் காத்திருப்பு. எதிர்க்கரையில் மாடு மாதிரி இருக்கும் வில்டபீஸ்ட் மான் கூட்டம் ஆற்றைக் கடக்க வருவதும் போவதுமாக இருந்தது. நண்பகல் ஆகிவிட்டதால் 500-இல் எடுத்ததெல்லாம் கானலில் நெளிந்தது. எந்த விலைக்கு லென்ஸ் வாங்கினாலும் இதற்கு மருந்து கிடையாது, நடுவில் இருக்கும் காற்றே கொதிக்கிறது. கிட்டப் போகலாம், இல்லையென்றால் சாயங்காலம்வரை காத்திருக்கலாம், வேறு வழியில்லை. பிறகு ஒன்று குதித்தது, பின்னாலேயே எல்லாம் குதித்தன. எங்களுக்கு நேர் கீழே, கரையின் அகலம் முழுக்கத் தலைகளும் புழுதியும். முந்தின நாள் பட்ட சூட்டில் லென்ஸ் மாற்ற மனம் வரவில்லை. 200-இல் தனித்தனித் தலைகள் வந்தன, அந்தக் காட்சி வரவில்லை. கூட வந்த என் மைத்துனர் ஃபோனில் எடுத்ததுதான் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் நான் எடுத்தது என்று என் மனைவி சொல்லிவிடுகிறாள், நான் மறுப்பதில்லை.

திரும்பி வந்து, தேறிய படங்களை எந்த ஃபோக்கல் லெங்த்தில், அதாவது எத்தனை மில்லிமீட்டரில், எடுத்தேன் என்று பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் 300-க்குக் கீழேதான். 500 வேண்டியிருந்தது சிவிங்கிக்கும் பறவைகளுக்கும் மட்டும். என் தீர்ப்பு இதுதான்: 600-ஆ 800-ஆ என்று மண்டையை உடைப்பதற்கு முன்னால் இரண்டாவது பாடிக்கு வழி பாருங்கள். பழையது போதும். நீள ஜூம் ஒன்றில், 18-140 மாதிரி ஒன்று இன்னொன்றில். காலையில் மாட்டினால் ராத்திரி கூடாரத்துக்கு வந்துதான் கழற்ற வேண்டும்.

இன்னொன்று, டிரைபாட் கொண்டுபோகாதீர்கள். கூரை தூக்கிய லேண்ட் குரூசரில் அதன் காலை ஊன்ற இடமில்லை. நான் பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை டெய்லரிடம் கொடுத்து, ஜிப் வைத்துப் பை தைத்துக்கொண்டு காலியாகவே எடுத்துப் போனேன். நைரோபி சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு கிலோ ராஜ்மா வாங்கி ரொப்பினேன். கூரை விளிம்பில் போட்டு லென்ஸை அமுக்கி வைத்தால் பாறை மாதிரி நிற்கும். டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், கூட இருப்பவர்களிடம் கொஞ்சம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். பின்சீட்டில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட் எடுக்கக் குனிந்தால்கூட 500-இல் சிங்கம் ஆடும். கடைசி நாள் ராஜ்மாவை டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார், எல்லோரும் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

* * *

அண்ணா, இரண்டு கையிலும் லென்ஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நாங்கள் ஜோஹன்னஸ்பர்கில் இருக்கிறோம். க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு வருடத்தில் இரண்டு தடவையாவது சொந்தக் காரிலேயே போவோம். அவர் ஓட்டுவார், நான் எடுப்பேன்.

சொந்தக் காரில் கதையே வேறு. கூரை திறக்காது, ஜன்னல் ஒன்றுதான் வழி. மிருகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்குத்தான் படம். முன்னால் இருந்து எட்டிப்பார்த்துச் சண்டை போட்டு, இப்போது நான் பின்சீட்டுக்கு மாறிவிட்டேன். நகர்ந்து நகர்ந்து இரண்டு ஜன்னலையும் பிடிக்கலாம். என்னிடம் கேனான் ஆர்எஃப் 100-500, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 500-இல் எஃப் 7.1 ஆகி உள்ளே வரும் வெளிச்சம் குறைந்துவிடும், இருட்டும் நேரத்தில் ஐஎஸ்ஓ எகிறிப் படம் பொரிபொரியாகும், எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறேன். காருக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கித் திருப்ப வேண்டுமே. ஒரு நண்பரின் 600 எஃப் 4-ஐ வாங்கிப் பார்த்தேன், காருக்குள் அதைத் திருப்புவது குறுகலான மாடிப்படியில் கட்டிலை ஏற்றுவது மாதிரி இருந்தது.

ஏசி விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஏசி போட்டுக்கொண்டே ஜன்னலை இறக்கி எடுத்தால், குளிர்காற்றும் வெளிச்சூடும் லென்ஸுக்கு முன்னாலேயே கலந்து படம் மங்கும். முதல் வருடம் முழுக்க லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்துச் சர்வீஸுக்கு வேறு கொடுத்தேன்.

ஒரு சம்பவம். சதாரா முகாம் பக்கம் எஸ்100 மண்சாலை, காலை நேரம். சாலையோரப் புல்லில் ஐந்து சிங்கங்கள். அவசரமாக லென்ஸை வெளியே நீட்டியதில் அதன் முனையில் வெயில் மறைக்க மாட்டியிருந்த ஹுட் கதவில் இடித்துக் கழன்று ரோட்டில் விழுந்தது. காரிலிருந்து மூன்றடி. அங்கே முகாமும் குறித்து வைத்திருக்கும் சில இடங்களும் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது, இறங்குகிற தைரியமும் இல்லை. ஒரு இளஞ்சிங்கம் எழுந்து வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. நாற்பது நிமிடம் காத்திருந்து கிளம்பிவிட்டோம்.

* * *

தம்பி எழுதியதில் எனக்கு ஒரே ஒரு மறுப்பு. இரண்டு பாடி என்பது முதுகும் தோளும் நன்றாக இருப்பவர்களுக்கு. எனக்கு 68 வயது, வலது கையில் லேசான நடுக்கம். சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் மாடல் ஒன்றோடு கென்யாவின் அம்போசெலிப் பூங்காவுக்குப் போனேன். லென்ஸ் கழற்றவே முடியாத கேமரா. 24-இலிருந்து 600 வரை ஒரே வளையத்தில், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். புழுதி உள்ளே போக வழியும் குறைவு.

அம்போசெலியில் இது எவ்வளவு சௌகரியம் என்று சொல்கிறேன். கிளிமஞ்சாரோ இருப்பது தான்சானியாவில், படம் எடுக்க நல்ல இடம் கென்யாவில். 5,895 மீட்டர் மலை, ஆனால் பகலெல்லாம் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். விடிகாலையில் ஒரு மணி நேரம் முகம் காட்டினால் உண்டு. அன்று மலை தெரிந்தபோது யானைக் கூட்டம் வரிசையாகச் சதுப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. 24-இல் மலையும் யானையும் வானமும். அடுத்த நொடி 400-இல் தாயின் காலிடுக்கில் குட்டி. எங்கள் வண்டியில் பெரிய லென்ஸ் வைத்திருந்த இருவர் மலையை அரை அரையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சென்சார் சின்னது, ஒரு அங்குலம் என்பது பெயருக்குத்தான். பொழுது சாய்ந்தபின் மரத்தில் ஒரு சிறுத்தையைக் காட்டினார்கள். எடுத்த படம் ரவை உப்புமா மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, என் பேத்திக்கு அது சிறுத்தை என்று தெரிகிறது.

* * *

யாராவது உகாண்டா, ருவாண்டாவுக்கு கொரில்லா பார்க்கப் போவதாக இருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். நான் உகாண்டாவின் ப்விண்டிக் காட்டுக்கு 150-600-ஐத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். வழுக்குகிற சரிவு, கொடி, மழை. கடைசியில் கொரில்லா பத்து மீட்டரில். 600 எதற்கு? காடோ பட்டப்பகலிலும் இருட்டு, ஃபிளாஷ் கூடாது. எஃப் 6.3-ஐ வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓ 12,800-இல் எடுத்தும் கையாட்டம். பக்கத்தில் ஒருவர் 70-200 எஃப் 2.8-இல் நிம்மதியாக எடுத்துக்கொண்டிருந்தார். பார்க்க விடுவதே ஒரு மணி நேரம்தான், பெர்மிட் 800 டாலர். ருவாண்டாவில் 1,500. மழை உறை கட்டாயம். பை தூக்க அங்கேயே ஆள் கிடைப்பார்கள், கௌரவம் பார்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு நல்லது, அவர்களுக்கும் வருமானம்.

* * *

சார், நான் வரும் ஆகஸ்டில் போகிறேன். சோனி 200-600 வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா? எடுத்துப்போகும்போது கஸ்டம்ஸில் பிரச்சினை வருமா? டிரோன் கொண்டுபோகலாமா?

* * *

மாராக் கதை எழுதியவன்தான் மறுபடியும் வந்திருக்கிறேன். டிரோன் வேண்டவே வேண்டாம் தம்பி. கென்யாவில் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பூங்காக்களுக்குள் பறக்கவிட அதற்குத் தனி அனுமதி.

லென்ஸ், ஊரிலும் வருடம் முழுக்கப் பயன்படுத்துவீர்கள் என்றால் வாங்குங்கள். ஒரே பயணத்துக்கு என்றால் வாடகைதான். ஆனால் கிளம்பும் நாளில் போய் வாங்காதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே எடுத்துத் தெருநாயையும் காக்கையையும் துரத்திப் பழகுங்கள். எந்தத் தூரத்துக்குள் ஃபோக்கஸ் தேட வேண்டும் என்று வைக்கிற ஃபோக்கஸ் லிமிட் பட்டன் எங்கே இருக்கிறது என்று சிங்கத்தின் முன்னால் தேடக் கூடாது. 200-600-இல் எனக்குப் பிடித்த விஷயம், ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாது. நீளும் லென்ஸ் ஒவ்வொரு இழுப்புக்கும் காற்றை உள்ளே வாங்கும், காற்றோடு புழுதியும் போகும். நிக்கான் 180-600-உம் இதே ரகம்.

கஸ்டம்ஸுக்கு, கிளம்பும்போதே விமான நிலையத்தில் பாடி, லென்ஸ் சீரியல் நம்பரைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஆகும். திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி வராது. பேட்டரி எல்லாம் கைப்பையில். கென்யா பிளக் சதுர மூன்று முனை, அடாப்டர் வேண்டும். அதோடு ஒரு ஸ்பைக் பஸ்டரும் எடுத்துப் போங்கள், சில கூடாரங்களில் மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான், அந்த நேரத்தில் நாலு சார்ஜர் போட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் கேரி பேக்கில் லென்ஸைச் சுற்றாதீர்கள், 2017-இலிருந்து அங்கே அதற்குத் தடை. நான் பழைய தலையணை உறையில்தான் சுற்றிக்கொண்டேன். வண்டி ஓடும்போது இரண்டு கேமராவும் அதற்குள்ளேயே இருக்கட்டும்.

அப்புறம், ஜோஹன்னஸ்பர்க் தங்கச்சி, அந்த ஹுட் கிடைத்ததா?

* * *

மறுநாள் காலை அதே சாலையில் போனோம் அண்ணா. சிங்கம் இல்லை, ஹுட் இருந்தது, மூன்று துண்டாக. எதிரே வந்த வண்டியில் இருந்த கைடு பார்த்துவிட்டு, கழுதைப்புலி கடித்திருக்கும் என்றார். ஜன்னல் வழியாக அதையும் இரண்டு படம் எடுத்துக்கொண்டேன்.