புதுப்பிப்புகளை உடனே நிறுவுவதா, பொறுத்திருப்பதா?

கேள்வி:
ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பதினைந்து கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். புதுப்பிப்பு வந்த அன்றே நிறுவிவிடுவது என் வழக்கம். ஆனால் 2020இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின், கணினி வலையமைப்புகளைக் கண்காணிக்கும் ஓரியன் மென்பொருளுக்கு வந்த, முறையாக டிஜிட்டல் கையொப்பமிடப்பட்ட புதுப்பிப்பே உளவு நிரலைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது என்று படித்ததிலிருந்து, சில வாரங்கள் பொறுத்து நிறுவலாமோ என்று தோன்றுகிறது. நண்பர்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1:
பொறுக்காதீர்கள் ஐயா. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் 2017 மே 12 அன்று பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. திருத்தம் வெளியானதும் அதைப் பிரித்துப் பார்த்து, ஓட்டை எங்கிருந்தது என்று கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பதில் 2:
உங்கள் அலுவலகத்துக்கு நெருக்கமான உதாரணம் நாட்பெட்யா என்ற தீநிரல். 2017 ஜூன் 27 அன்று வெடித்த அந்தத் தாக்குதல், உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட எம்.ஈ.டாக் என்னும் வரிக்கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகவே உள்ளே வந்தது. வந்தபின், வான்னாக்ரை பயன்படுத்திய அதே ஓட்டையின் வழியாகவும், நினைவகத்திலிருந்து திருடிய நிர்வாகக் கடவுச்சொற்களின் துணையோடும் பரவியதால், திருத்தம் நிறுவியிருந்த கணினிகளும் தப்பவில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டு அது பணம் கேட்டது வெறும் வேடம். கட்டியவர்களுக்கும் கோப்புகள் திரும்பக் கிடைக்க வழியில்லை. ஆகவே, எப்போது நிறுவுவது என்பதைவிட, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நிர்வாகக் கடவுச்சொல் வைத்திருக்கிறீர்களா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

பதில் 3:
பாதுகாப்புத் திருத்தத்தையும் புதிய பதிப்பையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெருமளவு தீரும். 2024 மார்ச்சில், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் புதிய பதிப்பில் புதைக்கப்பட்டிருந்த கள்ளக்கதவைக் கண்டுபிடித்தார். லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது வந்துவிட்டிருந்தது. நிலையான பதிப்பை எட்டவில்லை. ஆகவே திருத்தங்களை அன்றன்றே நிறுவுங்கள். புது வசதிகளோடு வரும் பதிப்புகளுக்கு மட்டும் ஒரு மாதம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டாம் நண்பர் ஊகித்தது சரியே: பதினைந்துக்கும் ஒரே கடவுச்சொல்தான். இன்று மாலை அதிலிருந்து தொடங்குகிறேன்.